முன்னா செத்த பிறகு

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நிற்பதில்லை. கொழும்பு வீதியில் இருந்து கற்பிட்டிப் பாதை பிரிகிற இடம் அது. மூலையில் நானாவின் தேத்தண்ணிக் கடை, கடைக்கு முன்னால் இரண்டு வாங்கு. போன கிழமை நான் இஞ்சி போட்ட பிளேன்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, மீன் லொறி ஓட்டுகிற தம்பியும் இறால் பண்ணையில் வேலை பார்க்கிற பெரியவரும் சண்டையின் நடுவில் இருந்தார்கள். அரசியல் என்று நினைத்தேன். இல்லை, மிர்சாபூர்.

"மூணாவது சீசன் மனுசன் பாக்க ஏலாது சேர்," என்றான் தம்பி. "முன்னா இல்லாத மிர்சாபூர். புத்தளத்துல இருந்துகொண்டு உப்பில்லாத கஞ்சி குடிக்கச் சொல்றாங்க."

பெரியவர் அந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. மகன் போனில் பார்ப்பான், இவர் பக்கத்தில் படுத்திருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் அபிப்பிராயம் இருந்தது. "எதுவும் முதலாம் அறுவடை மாதிரி வராது மகன்," என்றார்.

நானா சாயத்தை ஆற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "சேர் படிச்சுக் குடுத்த ஆள். நீங்க சொல்லுங்க. ஒரு நாடகம் கெட்டுப் போச்சு எண்டா என்ன கருத்து? அதை யாரு கெடுக்கிறது?"

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஆறு வருசம். ஆனாலும் யாராவது கேள்வி கேட்டால் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு மூன்று பஸ்ஸை விட்டேன். சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணி இங்கே எழுதுகிறேன். மிர்சாபூர், சேக்ரட் கேம்ஸ், சொப்ரானோஸ் மூன்றையும் இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பிளேன்டியைக் குடித்துவிட்டு இப்போதே எழும்பிப் போகலாம். இனி வரிக்கு வரி சாவு.

மிர்சாபூர் உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உண்மையிலேயே இருக்கிற ஊர், கம்பளத்துக்குப் பேர்போனது. தொடரில் அகண்டானந்த் திரிபாதி என்றொரு கம்பள வியாபாரி, ஊர் வாயில் காலீன் பையா. முன்கடையில் கம்பளம், பின்கடையில் கள்ளத் துப்பாக்கியும் அபினும். பங்கஜ் திரிபாதி நடித்தார். அவருடைய மகன் முன்னாவாக திவ்யேந்து. 2018 நவம்பர் 16ஆம் திகதி அமேசான் பிரைமில் ஒன்பது எபிசோடும் ஒரேயடியாக வந்தன.

முதல் எபிசோடில் ஒரு கல்யாண ஊர்வலம். முன்னா கூட்டாளிகளோடு புகுந்து ஆடுகிறான். ஆட்டத்தின் வெறியில் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறான், குண்டு மாப்பிள்ளையில் படுகிறது. வேண்டுமென்று செய்த கொலை இல்லை, கைதவறியதுதான். செத்தவனின் தகப்பன் நியாயம் கேட்டு ஒரு வக்கீலிடம் போகிறார். வேறு யாரும் தொடப் பயப்படுகிற வழக்கை அவர் எடுக்கிறார். வழக்கைக் கைவிடச் சொல்லி மிரட்ட முன்னா அவர் வீட்டுக்கே போகிறான். வீட்டில் வக்கீலின் பிள்ளைகள் இரண்டு பேர், குட்டுவும் பப்லுவும். முன்னாவை அடித்து விரட்டுகிறார்கள். இந்தப் பொடியன்களின் கதை இத்தோடு முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். காலீன் பையா அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்.

"இந்த இடத்தைக் கொஞ்சம் பார் தம்பி," என்றேன். கைதவறிய ஒரு குண்டில் இருந்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு எத்தனை காரியம் வருகிறது! சட்டமே சாமி என்றிருக்கிற மனுசனின் பிள்ளைகள் சண்டியனிடம் சம்பளம் வாங்குகிறார்கள். சொந்த மகனை விட்டுவிட்டு அடுத்தவன் பிள்ளைகளைத் தூக்கி வைக்கிறான் தகப்பன். முன்னாவின் வெறி அங்கேதான் முற்றுகிறது. அவன் வெறும் வில்லன் இல்லை, தகப்பனின் வாயால் ஒரு நல்ல சொல் கேட்க ஆசைப்பட்டு அது கிடைக்காத பிள்ளை. அதனால்தான் அவ்வளவு அட்டூழியம் செய்தும் அவனை நமக்குப் பிடித்தது. கடைசி எபிசோடில் இன்னொரு கல்யாண வீடு. அங்கே பப்லுவையும் குட்டுவின் கர்ப்பிணி மனைவி ஸ்வீட்டியையும் முன்னா சுட்டுக் கொல்கிறான்.

கல்யாண ஊர்வலத்தில் திறந்த கதை கல்யாண வீட்டில் மூடுகிறது. ஆனால் மூடும்போது நம்மிடம் ஒரு கடன் வாங்கிக்கொண்டு போகிறது: குட்டு ஒருநாள் முன்னாவைக் கொல்லுவான், அதுவரைக்கும் பொறுத்திரு என்று. அந்தக் கடனுக்காகத்தான் நாம் இரண்டு வருசம் காத்திருந்தோம். 2020 அக்டோபர் 23இல் இரண்டாம் சீசன் வந்தது, பத்து எபிசோட். முடிவில் கடனைத் திருப்பித் தந்தார்கள். முன்னா செத்தான். காலீன் பையா குண்டடி பட்டும் தப்பினார்.

"அது சரியான முடிவுதானே சேர்?"

சரியான முடிவுதான். சிக்கலும் அதுதான். அடைத்து முடிந்த கடனுக்கு மூன்றாம் சீசன் எதை வைத்து வட்டி கேட்கும்? 2024 ஜூலை 5ஆம் திகதி இன்னொரு பத்து எபிசோட் வந்தன. காலீன் பையா நெடுநேரம் படுக்கையில். அவருடைய கதிரையில் குட்டு. அந்தக் கதிரைக்கு இன்னும் நாலு பேர் போட்டி. முதல் சீசனின் கேள்வி, 'அப்பா என்னைப் பார்ப்பாரா?' என்பது. மூன்றாம் சீசனின் கேள்வி, 'பூர்வாஞ்சலின் கதிரை யாருக்கு?' என்பது, அதாவது கிழக்கு உத்தரப் பிரதேசம் யார் கையில் என்பது. முதலாவது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. இரண்டாவது பிரதேச சபைத் தேர்தல். அதை நாம் ரேடியோவில் காசில்லாமல் கேட்கிறோம்.

நேர்மையாகச் சொன்னால் மூன்றாம் சீசனில் எனக்குப் பிடித்த இடமும் உண்டு. அந்த வக்கீல் அப்பா. மகனைக் காப்பாற்றப் போய்ப் பொலிஸ் அதிகாரியைச் சுட்டுவிட்டு இப்போது சிறையில். வாழ்நாள் முழுக்கச் சட்டத்தை நம்பியவர் சட்டத்துக்கு உட்புறம் எப்படி இருக்கும் என்று பார்க்கிறார். ராஜேஷ் தைலாங் அந்த மனுசனைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். அவரை நடுவில் வைத்திருந்தால் இன்றைக்கு இந்த வாங்கில் இந்தச் சண்டை வந்திராது. ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

அதே வருசம் ஓகஸ்ட் 30ஆம் திகதி ஒரு போனஸ் எபிசோட் விட்டார்கள். வெட்டிப்போட்ட காட்சிகளைச் செத்த முன்னாவே வந்து பேசிக் காட்டுகிறான். தம்பி சொல்வதைத் தொடரை எடுத்தவர்களும் காதில் போட்டுக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அப்ப ஆள் செத்தா நாடகம் செத்திடும். அவ்வளவுதானே?" என்றார் நானா.

அதுதான் இல்லை. சேக்ரட் கேம்ஸில் பம்பாய்ச் சண்டியன் கணேஷ் காய்தோண்டே முதல் எபிசோடிலேயே தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்துப் போகிறான். அதற்குப் பிறகும் அவன் குரல்தான் கதை சொல்கிறது. செத்தவன் பேசப் பேச, இருபத்தைந்து நாளில் பம்பாய்க்கு என்ன வரப்போகிறது என்று உயிரோடிருக்கிற பொலிஸ்காரன் தேடி ஓடுகிறான். 2018 ஜூலையில் வந்த அந்த எட்டு எபிசோடையும் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. 2019 ஓகஸ்ட் 15இல் வந்த இரண்டாம் எட்டுத்தான் தலையைச் சொறிய வைத்தது. காய்தோண்டே முன்னைவிட அதிகமாகவே இருந்தான். ஆனால் கதை பம்பாய்ச் சந்துகளை விட்டு ஒரு சாமியாரின் ஆசிரமத்துக்கும் அணுகுண்டுக்கும் போய்விட்டது. (அந்தச் சாமியாரும் பங்கஜ் திரிபாதிதான். மனுசனுக்கு ஓய்வே இல்லை.) சந்து சின்னது, அங்கே நடக்கிற கொலை நமக்கு உறைக்கிறது. உலகமே அழியப் போகிறது என்று சொன்னால் கொட்டாவி வருகிறது. கடைசியில் குண்டு வெடித்ததா இல்லையா என்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார்கள்.

சொல்லாமல் எழும்பிப் போகிறதில் பெரிய வாத்தியார் அமெரிக்காவில் இருக்கிறார். டேவிட் சேஸ். அவருடைய சொப்ரானோஸ் 1999 ஜனவரி 10ஆம் திகதி எச்.பி.ஓ.வில் தொடங்கி 2007 ஜூன் 10ஆம் திகதி முடிந்தது. ஆறு சீசன், 86 எபிசோட். நியூ ஜெர்சியில் ஒரு மாஃபியாத் தலைவன், டோனி. திடீர் திடீரென்று மயங்கி விழுகிறான், ஆதலால் மனநல வைத்தியரிடம் போகிறான். ஆளைக் கொன்றுவிட்டு வந்து வைத்தியரின் கதிரையில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி முறைப்பாடு செய்வான். இன்றைக்கு நாம் பார்க்கிற சண்டியன் தொடர்கள் பலவற்றுக்கு மூத்த அண்ணன் அதுதான்.

நான் இடையில் மூன்று வருசம் கட்டாரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினேன். அறையில் இருந்த கேரளத்துக்காரர் ஒருவர் பழக்கிவிட்டார். வாடகை டிவிடி. வெள்ளிக்கிழமைக்கு நாலு தட்டு.

அந்தத் தொடரைப் பற்றியும் இதே சண்டைதான், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரண்டாம் சீசன் முதலாவதுபோல் இல்லை, நாலாம் சீசனில் கொலையே இல்லை, ஆறாம் சீசன் நித்திரை என்று. அதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது: எந்தச் சாவு, எந்தக் கடன் என்று பிரித்துப் பார்ப்பது.

டோனியின் அம்மா லிவியாவை எடுங்கள். முதல் சீசனில் பெற்ற மகனைக் கொல்லவே மறைமுகமாகச் சம்மதம் கொடுக்கிற கிழவி. நடித்தவர் நான்சி மார்ச்சண்ட். மூன்றாம் சீசன் தொடங்குமுன் 2000 ஜூனில் அவர் உண்மையிலேயே இறந்துபோனார். பழைய காட்சிகளில் இருந்து முகத்தை வெட்டி, கம்ப்யூட்டரில் ஒட்டி, ஒரே ஒரு காட்சி எடுத்தார்கள். பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கும், தலை ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் விசயம். அந்த இடத்துக்கு இன்னொரு கிழவியைத் தேடவில்லை. அம்மா போன பிறகும் அம்மாவின் பேச்சு டோனியின் வாயில் இருந்து வருகிறது. கட்டினவளிடம், பிள்ளைகளிடம், வைத்தியரிடம். முன்னா போன இடத்தில் மிர்சாபூர் நாலு சண்டியன்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. லிவியா போன இடத்தை சொப்ரானோஸ் வெறுமையாகவே வைத்திருந்தது.

நாலாம் சீசனில் கொலை குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் கடைசி எபிசோடில் டோனியும் மனைவி கார்மெலாவும் வீட்டுக்குள் போடுகிற சண்டை இருக்கிறதே, துப்பாக்கி ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரோடு காது வைத்துக் கேட்ட மாதிரி நெஞ்சு அடிக்கும். அடுத்த வருசம் ஜேம்ஸ் கண்டோல்பினியும் ஈடி பால்கோவும் இரண்டு பேருமே எம்மி விருது வாங்கினார்கள். ஐந்தாம் சீசனுக்கு 2004இல் சிறந்த நாடகத் தொடர் விருதும் வந்தது, கேபிள் டிவித் தொடர் ஒன்றுக்கு முதல் தடவையாக. விருது கொடுத்தவர்கள் ஏறுகிறது என்றார்கள், ரசிகர்கள் இறங்குகிறது என்றார்கள், ஒரே தொடரை.

இந்த இடத்தில் பெரியவர் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். "கொலை இல்லாட்டி என்னத்தக் காட்டினான்?"

அவருக்கு ரஷ்யாக்காரன் கதையைச் சொன்னேன்.

மூன்றாம் சீசன், பதினோராம் எபிசோட். டோனியின் ஆட்கள் இரண்டு பேர், போலியும் கிறிஸ்டோபரும், ஒரு ரஷ்யாக்காரனிடம் காசு வாங்கப் போகிறார்கள். டிவி ரிமோட்டுக்காக ஒரு சில்லறைத் தகராறு, கைகலப்பு. ஆள் செத்துவிட்டான் என்று நினைத்துக் கம்பளத்தில் சுற்றுகிறார்கள். (சண்டியனுக்கும் கம்பளத்துக்கும் என்ன பொருத்தமோ!) பனி கொட்டிக் கிடக்கிற காட்டுக்குள் புதைக்கக் கொண்டுபோகிறார்கள். காரின் பின்பெட்டியைத் திறந்தால் உயிரோடு இருக்கிறான். சரி, உன் குழியை நீயே தோண்டு என்று மண்வெட்டியைக் கொடுக்கிறார்கள். மண்வெட்டியால் இரண்டு பேருக்கும் சாத்திவிட்டு ஓடுகிறான். சுடுகிறார்கள். தலையில் பட்ட மாதிரித் தெரிகிறது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. அதற்குப் பிறகு முழு எபிசோடும் இந்தக் கொலைகாரர்கள் இரண்டு பேரும் வழிதவறி, பனியில் விறைத்து, பழைய வான் ஒன்றுக்குள் கிடந்த கெச்சப் பொட்டலங்களைப் பிய்த்து நக்கிக்கொண்டு, ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டு இருக்கிறார்கள். விடிந்த பிறகு டோனி வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். முடிந்தது.

"ரஷ்யாக்காரன்?"

"வரவே இல்லை."

பெரியவருக்குக் கோபம். இது ஏமாத்து என்றார். அமெரிக்காவிலும் அப்படித்தான் சொன்னார்கள். தொடர் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மிர்சாபூர் வாங்கின கடனைத் திருப்பித் தந்துவிட்டுக் கைவெறுமையாய் நின்றது. சேஸ் வாங்கின கடனையே மறுக்கிற ஆள், நான் எப்போது உன்னிடம் கடன் வாங்கினேன் என்று கேட்பார். ஒருத்தருக்கு இது துணிச்சல், இன்னொருத்தருக்குத் திமிர். எனக்குத் துணிச்சல், ஆனால் திமிர் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஏனென்றால் கடைசி எபிசோடில் எனக்கே அது நடந்தது.

ஒரு சாப்பாட்டுக் கடை. டோனி உட்கார்ந்திருக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறான். மனைவி வருகிறாள், மகன் வருகிறான், மேசைக்குப் பொரித்த வெங்காய வளையம் வருகிறது. வெளியே மகள் காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் இழுக்கிறாள். சந்தேகமான ஒருவன் கழிவறைக்குப் போகிறான். மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், திரை கறுப்பு. சத்தமும் இல்லை.

தட்டு பழுது என்றே நினைத்தேன். வெளியே எடுத்து, சாரத்தின் நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி போட்டேன். மறுபடி கறுப்பு. இரவு பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாடகைக் கடைக்குப் போய், கீறின தட்டைத் தந்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் சிரிக்கவும் இல்லை. "இந்த மாசம் நீங்கள் நாலாவது ஆள்," என்றார். அமெரிக்காவில் அன்றிரவு கேபிள் அறுந்துவிட்டது என்று நினைத்தவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லையாம். அதைப் பிறகு வாசித்தபோதுதான் வெட்கம் போனது.

நானாவுக்கு இது பிடிக்கவில்லை. "முடிக்கத் தெரியாதவன் ஏன் தொடங்கினான்?" என்றார். முடிக்கத் தெரியாமல் இல்லை நானா என்று சொல்லத் தொடங்கினபோது எனக்கு எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது.

நான் உடப்பு. எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் ஆடியில் பதினெட்டு நாள் திருவிழா, தீமிதிப்பு. சின்ன வயதில் இருந்து பாரதக் கதையைக் காதால் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் கதை எங்கே உச்சத்துக்குப் போகிறது? துரியோதனன் படுகளம். மண்ணில் பெரிய உருவம் செய்து கிடத்துவார்கள். பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். கடன் அடைந்தது. கூட்டம் கும்பிட்டுவிட்டுத் தீமிதிக்கப் போகும்.

ஆனால் பாரதம் அங்கே முடிவதில்லை. வியாசருக்குப் பதினெட்டுப் பருவம். துரியோதனன் விழுவது ஒன்பதாம் பருவத்தின் முடிவில், அதாவது சரிபாதியில். அதற்குப் பிறகு சாந்தி பருவத்தில் தொடங்கி இரண்டு பெரிய பருவமாக, அம்புப் படுக்கையில் படுத்துக்கொண்டு பீஷ்மர் தருமனுக்குப் புத்தி சொல்கிறார். இன்றைக்கு அதை ஒரு சீசனாக எடுத்தால் தம்பி என்ன சொல்லுவான்? பிறகு மௌசல பருவம். கண்ணனின் யாதவக் குலம் கடற்கரையில் குடித்துவிட்டு, பழைய பகையைக் கிளறிப் பேசி, கோரைப்புல்லைப் பிடுங்கி ஒருவனை ஒருவன் அடித்துச் சாகிறது. பெரிய போரில் தப்பினவர்கள் குடிவெறிச் சண்டையில் போகிறார்கள். கண்ணன் ஒரு வேடனின் அம்பில் போகிறான்.

நம்முடைய வில்லிபுத்தூரார் தமிழில் பாடியபோது பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். போர் முடிந்தது, பத்தாவதான சௌப்திக பருவமும் முடிந்தது, போதும். எனக்கு எப்போதும் தோன்றுவது, அந்த மனுசனுக்குச் சபையின் நாடி தெரியும். ஆனால் அது எல்லாருக்கும் போதவில்லை. பிறகு நல்லாப்பிள்ளை வந்து பதினெட்டுப் பருவத்தையும் பாடி நிரப்பினார். படுகளத்தோடு நிறுத்துவதா, சாந்தி பருவத்தையும் சொல்லுவதா என்கிற கேள்வி தமிழில் பல நூறு வருசப் பழசு. அமேசான் பிரைம் அதற்கு ஒரு மாதக் கட்டணம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான் புதுசு.

சொப்ரானோஸின் ஆறாம் சீசனை நான் மௌசல பருவமாகத்தான் பார்த்தேன். வீரம் ஒன்றும் இல்லை. வயதாகிறது, ஞாபகம் தப்புகிறது, கூட்டாளிகள் சில்லறைக் காரணத்துக்குச் சாகிறார்கள். படுகளம் பார்க்க வந்தவர்களுக்கு அது இறக்கம். எனக்கு இல்லை. மிர்சாபூர் மூன்றாம் சீசனின் குற்றம், அது படுகளத்தையும் மறுபடி தரவில்லை, சாந்தி பருவத்துக்கும் துணியவில்லை. இன்னொரு போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டே பத்து எபிசோடை ஓட்டியது.

"நான் சொன்னதும் அதுதானே," என்றார் பெரியவர். அவர் சொன்னது பாரதம் இல்லை, இறால். ஆனால் கேட்கக் கேட்க விசயம் இருந்தது.

புதிதாக வெட்டின இறால் குளத்தில் முதல் அறுவடை நன்றாக வரும், அடிமண் சுத்தம். இரண்டு மூன்று அறுவடைக்குள் மிஞ்சின தீனியும் கழிவும் அடியில் படிந்து மண் கறுக்கும், மணக்கும். அப்போது தண்ணீரை வடித்து, மண் வெடிக்கும்வரை வெயிலில் காயவிட்டு, அடிச்சேற்றை வழித்தெடுத்து, சுண்ணாம்பு போட வேண்டும். பொறுமை இல்லாதவன் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுக் குஞ்சை விடுவான். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது சிலாபத்தில் இருந்து புத்தளம்வரை எத்தனை பேர் நகையை விற்றார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"உங்கட நாடகக்காரன் குளத்தைக் காயவிட்டானா?"

காயவிட்டான். இரண்டாம் சீசனுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மூன்றரை வருசத்துக்கு மேலே. ஆனால் அடிச்சேற்றை வழிக்கவில்லை. முந்தின கதையில் மிஞ்சின அத்தனை பேரையும் உள்ளே வைத்துக்கொண்டு புதுத் தண்ணீர் விட்டான். இதற்கு மாறாக, லக்மால் தர்மரத்னவின் சிங்கள நாடகம் 'கூம்பியோ' 2017இல் ஐ.டி.என்.னில் ஓடியபோது இந்தப் பக்கத்துப் பொடியன்களும் சிங்களத்தில் அதைப் பார்த்துவிட்டு அதில் வருகிற எத்தன் பேசுகிற மாதிரியே பேசித் திரிந்தார்கள். அதைப் பற்றி இந்தச் சண்டை நான் கேட்டதில்லை. அது ஒரே மூச்சில் சொல்லப்பட்ட கதை, ஒரு குளம், ஒரு அறுவடை.

தம்பி கொஞ்ச நேரமாகப் பேசாமல் இருந்தான். அவனிடம் ஒன்று கேட்டேன். "இரண்டாம் சீசன் பார்க்கும்போது நீ எங்கே இருந்தாய்?"

யோசித்தான். வீட்டில். 2020 அக்டோபர். பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கிளம்பிச் சந்தையை மூடியிருந்தார்கள். மீன் தின்னவே சனம் பயந்த நாட்கள். முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகக்காரர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியது அந்த நவம்பரில்தான். மீன் ஓடாவிட்டால் லொறி ஓடாது. தம்பி அண்ணன்மாரோடும் மச்சான்மாரோடும் ஒரே அறையில், ஒரு போனைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு இரவில் பத்து எபிசோடையும் முடித்தான். முன்னா செத்தபோது அறையே கத்தியதாம். உம்மா வந்து ஏசியிருக்கிறார்.

மூன்றாம் சீசன் பார்த்தது 2024 ஜூலையில், லொறிக்குள், தனியாக. மச்சான் ஒருவன் கடல்கடந்து போய்விட்டான். இடையில் 2022 வந்து போயிருந்தது. பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, டீசலுக்கு லொறியோடு நாள்கணக்கில் வரிசை, 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஓகஸ்ட்டில் 340 ஆனது, படகுகள் கரையில் ஏறிக் கிடந்தது. அவ்வளவையும் பார்த்தவனுக்கு, பூர்வாஞ்சலின் கதிரையில் யார் உட்கார்ந்தால் என்ன?

"அப்ப நாடகம் கெடல்ல, நான்தான் கெட்டுப் போனன் எண்டு சொல்றீங்களா சேர்?"

இல்லை தம்பி. நாடகமும் கெட்டது. ஆனால் நீ இழந்ததை முழுக்க அந்த நாடகத்தின் கணக்கில் எழுதாதே. முன்னாவைத் தேடுகிறாய், சரி. அந்த அறையையும் சேர்த்துத்தான் தேடுகிறாய். அதை எந்தச் சீசனிலும் எடுத்துத் தர முடியாது.

இதைச் சரிபார்க்க ஒரு சின்ன வேலை சொன்னேன். வீட்டுக்குப் போய் முதல் சீசனில் துப்பாக்கி வராத ஒரு காட்சியைப் போடு. காலீன் பையா அந்த அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிற இடம் போதும். பிறகு மூன்றாம் சீசனில் துப்பாக்கி வராத எதையாவது போடு. முதலாவதில் ஒருவன் ஒன்று சொல்லுவான், மனதில் வேறொன்று இருக்கும், நீ அதைத் தேடுவாய். மற்றதில் ஆட்கள் உள்ளே வந்து, தாங்கள் அடுத்ததாக என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வித்தியாசம் தனியாகப் பார்த்தாலும் தெரியும், பத்துப் பேரோடு பார்த்தாலும் தெரியும், வயிறு நிறைந்திருந்தாலும் தெரியும். அது தெரிந்தால் நாடகம் கெட்டது. தெரியாவிட்டால் வேறு ஏதோ கெட்டது.

தம்பி போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தான். "படமா எடுக்கிறாங்களாம் சேர். முன்னாவும் இருக்கிறானாம்."

"பார்க்கப் போகிறாயா?"

"முதல் நாளே."

நாலாவது பஸ் வந்தது. கற்பிட்டி பஸ், மேலே கருவாட்டுச் சாக்கு. எனக்கு அது இல்லை. அதற்குப் பின்னால் வந்ததுதான் சிலாபம் போகிறது. நானாவுக்குக் காசு கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன். கண்டக்டர் தகரத்தில் தட்டிவிட்டான். வண்டி நகரும்போது பெரியவர் வாங்கில் இருந்து எழும்பி, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னலோடு நாலடி ஓடி வந்தார்.

"சேர், உண்மையா சொல்லுங்க. அந்த ரஷ்யாக்காரன் மவுத்தாகிட்டானா?"